நாட்டுப்புறக் கதைப் படங்களில் நகையும் மருட்கையும்

முன்னுரை

நாட்டுப்புறக் கதைகளை ஆராய்வோர் ஏட்டில் உள்ள வடிவத்தையும் வாய்மொழியாக வழங்கும் வடிவத்தையும் ஒருங்கே நோக்குவர். ஒரு கதை ஊர்தோறும் சிறிது சிறிது வேறுபட்டு வழங்குதலைக் குறித்துக்கொள்வர். எவ்வடிவம் மூத்தது என்று துணிவதில் விரைவு காட்டார். ஆயினும் அக்கதையே திரைப்படமாக உருப்பெற்றவுடன் அதனை ஆராய்ச்சியின் எல்லைக்குப் புறத்தே நிறுத்திவிடும் வழக்கம் நம்மிடையே நெடுநாளாக இருந்துவருகின்றது. 'சிதைந்த வடிவம்' என்னும் ஒரு தொடரால் அதனை ஒதுக்கிவிடுகின்றோம். கதைகளைப் பாட்டியின் வாய்மொழியாகக் கேட்டவர் தொகை குறைந்து, படத்தின் வாயிலாக அறிந்தவர் தொகை பெருகிவிட்ட இக்காலத்தில் இவ்வழக்கம் பொருந்துவதாக எமக்குத் தோன்றவில்லை.

எனவே, சென்னையிலும் சேலத்திலும் உருவான நான்கு படங்களை ஈண்டு ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்கின்றோம். அவை பாதாள பைரவி (1951), குலேபகாவலி (1955), அலிபாபாவும் 40 திருடர்களும் (1956), மாயா பஜார் (1957) என்பன. இவற்றுள் முதலதும் இறுதியதும் கே. வி. ரெட்டி இயக்கத்தில் விஜயா நிறுவனத்தாரால் தெலுங்கு, தமிழ் என்னும் இருமொழிகளிலும் எடுக்கப்பட்டவை. நான்கும் மாயமும் அருஞ்செயலும் நகையும் விரவிய கதைகள். நான்கும் மக்கள் வழக்கில் ஊறிய கதைகளைத் தழுவியவை. ஆண்டுகள் அறுபதுக்கு மேல் கடந்த பின்னரும் இப்படங்கள் காண்பாரை ஈர்க்கின்றன. இளமையில் கண்ட நினைவே அவ்வீர்ப்பிற்குக் காரணம் என்று கூறி அமைதல் எளிது. அவற்றை இன்று முதன்முறையாகக் காணும் இளையோரும் நகைக்கின்றனர் ஆதலின், அவ்விடை போதாது.

கதையில் எளியோனிடம் இருந்த நகை, படத்திலும் எளியோனிடமே இருக்கும்பொழுது படம் ஒளிபெறுகின்றது. அந்நகை எளியோன்மேல் திரும்பும்பொழுது அவ்வொளி மங்குகின்றது. இதுவே யாம் நிறுவ முற்படும் கருத்து.

இலக்கணம் காட்டும் நெறி

மெய்ப்பாடுகளைக் கூறும் தொல்காப்பியர் நகையை முதற்கண் வைத்தார். நகை தோன்றுதற்குரிய நிலைக்களன்கள் நான்கு என்பது அவர் கொள்கை. பிறரை இகழ்தலாகிய எள்ளல் ஒன்று. மழலை முதலியவற்றால் தோன்றும் இளமை ஒன்று. அறிவின்மையாகிய பேதைமை ஒன்று. பிறர் அறிவுறுத்தியதைப் பற்றிக்கொண்டு, பற்றியதை விடாமையாகிய மடன் ஒன்று. எள்ளலுக்கு உரைவரைந்த பேராசிரியர், தான் பிறரை எள்ளி நகுதலும், பிறர் தன்னை எள்ளியவிடத்துத் தான் நகுதலும் என அதனை இரண்டாகப் பகுத்தார். நகுவோன் யாவன், நகப்படுவோன் யாவன் என்னும் வினாவை நம் உரையாசிரியர்கள் நுண்ணிதின் நோக்கினர் என்பதற்கு இப்பகுப்பே சான்றாகும்.

வியப்பாகிய மருட்கைக்கும் நிலைக்களன்கள் நான்கே. புதுமையும் பெருமையும் வியப்புத் தரும் என்பதை எவரும் உடன்படுவர். அவற்றோடு சிறுமையையும், ஒன்று மற்றொன்றாகத் திரியும் ஆக்கத்தையும் சேர்த்துக் கூறியது தொல்காப்பியரின் நுண்மாண் நுழைபுலத்தைக் காட்டும். மிகப் பெரியதைக் கண்டு மருள்வதுபோலவே மிகச் சிறியதைக் கண்டும் மனம் மருள்கின்றது. மாயக் கதைகள் உயிர்வாழ்வது இவ்விறுதி இரண்டனாலேயே என்பதை மேலே காண்போம்.

இன்னும் ஒரு குறிப்பு நமக்குத் துணைசெய்கின்றது. உரைநடையின் வகைகளைக் கூறும் செய்யுளியல், மெய்யான பொருளடிப்படை இன்றிப் புனையப்படும் மொழியையும், பொருள் பொதிந்து நகை விளைக்கும் மொழியையும் அடுத்தடுத்து வைக்கின்றது. முன்னதற்கு யானையும் குருவியும் நட்புக் கொண்டு சென்றதாகச் சொல்லப்படும் கதையைப் பேராசிரியர் எடுத்துக்காட்டினார். புனைவும் நகையும் பக்கத்துப் பக்கத்தே வாழ்வன என்பது பழைய துணிபு. ஆதலின், மாயக் கதைப் படத்தில் நகையை வெறும் இடைவேளைப் பண்டமாகக் கருதுதல் நம் மரபுக்கும் ஒவ்வாது.

ஒரு சொல்லும் ஒரு மலையும்

அலிபாபாவின் கதை ஆயிரத்தோர் இரவுகள் என்னும் தொகுதியின் பழைய அரபுக் கைப்படிகளில் இல்லை. அலெப்போ நகரத்தவரான கன்னா தியாப் என்பவர் 1709ஆம் ஆண்டு பாரிசு நகரில் வாய்மொழியாகச் சொல்ல, அந்துவான் காலண்ட் என்னும் பிரெஞ்சு அறிஞர் கேட்டுக் குறித்துக்கொண்டார். காலண்ட் மறைந்தபின் 1717இல் அது அச்சேறியது. எனவே உலகெங்கும் பரவிய இக்கதை, ஒருவர் சொல்ல ஒருவர் கேட்ட கதையாகவே ஏட்டிற்கு வந்தது. இதற்கு 'மூல பாடம்' ஒன்றனைத் தேடி, படம் அதனின்று வழுவியது என்று குறைகூறுவோர் இவ்வரலாற்றை எண்ணிப்பார்த்தல் வேண்டும்.

கதையின் நடுவே நிற்பது ஒரு சொல். விறகுவெட்டி மறைந்திருந்து அச்சொல்லைக் கேட்கின்றான், சொல்லுகின்றான், பாறை திறக்கின்றது. அவனுடைய செல்வனாகிய அண்ணன் காசிம், பொன்னைக் கண்ட மயக்கத்தில் அச்சொல்லை மறந்துவிடுகின்றான், குகையினுள் சிறைப்படுகின்றான். எள் என்னும் சிறு கூலத்தின் பெயரே காலண்டின் பாடத்தில் மந்திரச் சொல். காசிமோ வாற்கோதுமை முதலான பிற கூலங்களின் பெயரையெல்லாம் சொல்லிப் பார்க்கின்றான். வீடு நிறையக் கூலம் குவித்து வைத்திருப்பவனுக்கு ஓர் எள்ளின் பெயர் நினைவில் வரவில்லை! சிறுமை காரணமாகப் பிறக்கும் மருட்கையும், பேதைமை காரணமாகப் பிறக்கும் நகையும் இங்கு ஒரு சொல்லிலேயே கூடிநிற்கின்றன.

சேலம் மாடர்ன் தியேட்டர்சார் 1956இல் வெளியிட்ட படத்தை டி. ஆர். சுந்தரம் இயக்கினார், தமிழில் முழுநீள வண்ணப்படமாக வந்தவற்றுள் அதுவே முதலாவது. அதன் மந்திரத் தொடரில் கூலப்பெயர் மறைந்துவிட்டது. பொருளற்ற ஒலிக்கோவை ஒன்று அவ்விடத்தில் அமைந்தது. கூலப்பெயரால் வந்த குறிப்புநகையை இழந்தமை ஓர் இழப்பே. ஆனால் அவ்விழப்பை ஈடுசெய்யும் ஊதியம் ஒன்றும் உண்டு. பொருளில்லாத ஒலியை நினைவில் நிறுத்துதல் அரிது, தடுமாறுதல் எளிது. எம். ஜி. சக்கரபாணி நடித்த காசிமின் தடுமாற்றம் நாவின் தடுமாற்றமாகவே ஆகிவிடுகின்றது. தமிழகத்துச் சிறுவர்கள் பூட்டிய கதவின்முன் நின்று அத்தொடரைச் சொல்லி விளையாடினர். படம் காணாதாரும் அதனை அறிந்தனர். ஒரு படத்தின் தொடர் மீண்டும் வாய்மொழி வழக்கில் சென்று சேருமாயின், அப்படத்தைக் கதைமரபின் ஒரு கண்ணி என்று கொள்ளுதல் தவறாகாது.

ஈண்டு நகுவோர் யாவர்? கதையைக் கேட்கும் எளியோர். நகப்படுவோன் யாவன்? எல்லாம் உடையோன். இக்காட்சி இன்றும் வாடாதிருத்தற்குக் காரணம் இதுவே என்க.

பகுக்கப்பட்ட தலைவன்

நாட்டுப்புற அருஞ்செயற் கதைகளின் தலைவனை நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். அவன் பெரும்பாலும் இல்லாதவன், அல்லது தள்ளப்பட்டவன். விறகுவெட்டி, தோட்டக்காரன் மகன், தந்தையால் விலக்கப்பட்ட இளையவன் என இவ்வரிசை நீளும். படையில்லாமையால் அவன் மதியால் வெல்கின்றான், அஞ்சவும் செய்கின்றான், தன் அச்சத்தைத் தானே நகையாகவும் மாற்றிக்கொள்கின்றான். வீரம், மதி, அச்சம், நகை நான்கும் ஒருவனிடமே உறைகின்றன.

திரைப்படமோ இவ்வொருவனைப் பலராகப் பகுக்கின்றது. வீரம் தலைவனுக்குச் செல்கின்றது. அச்சமும் நகையும் அவனுடன் திரியும் தோழனுக்குச் செல்கின்றன. வாட்போர் வல்ல நடிகரைக் காண மக்கள் திரண்டமையும், நகைச்சுவை நடிகர்க்கெனத் தனிக் காட்சிகள் அமைக்கும் வழக்கம் வேரூன்றியமையும் இப்பகுப்பிற்குக் காரணங்கள். அலிபாபா கதையே இதற்குத் தக்க சான்று தருகின்றது. 1941ஆம் ஆண்டில் இக்கதை கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனும் டி. ஏ. மதுரமும் முதன்மையாக நடித்த நகைச்சுவைப் படமாக வெளிவந்தது. அங்கு நகைவல்லாரே கதைக்கு உரியவர். பதினைந்து ஆண்டுகட்குப் பின் வந்த படத்தில் எம். ஜி. இராமச்சந்திரன் அலிபாபா ஆனார், கே. ஏ. தங்கவேலுவும் கே. சாரங்கபாணியும் தலைமைக்கு அப்பால் நகைமாந்தராக நின்றனர். கதை அதுவே, ஆனால் நகையின் இருப்பிடம் மாறிவிட்டது.

இம்மாற்றத்தால் மிகுதியும் இழந்தவள் மார்ஜியானா. காலண்டின் பாடத்தில் அவள் அடிமைப்பெண். கள்வர் கதவில் இட்ட அடையாளத்தைக் கண்டு அண்டைக் கதவுகளிலெல்லாம் அவ்வடையாளத்தையே இடுபவள் அவள். எண்ணெய்ச் சாடிகளுள் கரந்திருந்தோரை அறிந்து அழிப்பவள் அவள். விருந்தினனாக வந்த கள்வர் தலைவனை நடனத்தினிடையே கட்டாரியால் வீழ்த்துபவளும் அவளே. நாற்பது கள்வரை வென்ற பெருமை அலிபாபாவுக்கு உரியதன்று, அப்பெண்ணுக்கே உரியது. படத்தில் பி. பானுமதியின் துடுக்கும் குரலும் அம்மதியின் ஒளியைப் பெரிதும் காத்து நிற்கின்றன. எனினும் பி. எஸ். வீரப்பா நடித்த கள்வர் தலைவனை எதிர்க்கும் இறுதிப் பொறுப்பு தலைவனின் வாளுக்கே சேர்ந்துவிடுகின்றது. எளியாள் ஒருத்தியின் வெற்றி வல்லான் ஒருவனின் வெற்றியாகின்றது. வாட்போர் விறுவிறுப்பானதே, ஆயினும் அது பெருமை பற்றிய மருட்கை, சிறுமை பற்றிய மருட்கை அங்கில்லை.

குலேபகாவலியில் இவ்விரு மருட்கைகளையும் அருகருகே வைத்து எடைபோடலாம். இக்கதை பாரசீகத்தினின்று உருதுவுக்கு வந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தா வில்லியம் கோட்டைக் கல்லூரியின் சார்பில் நிகால்சந்து லாகூரி அதனை உருது உரைநடையில் எழுதினார். பார்வை இழந்த தந்தைக்கு மருந்தாகும் மலரைத் தேடி மகன் செல்லுதலே கதை. வழியில் பகடையாட்டத்தில் வல்ல ஒருத்தி மன்னர் மைந்தரையெல்லாம் தோற்கடித்து அடிமையாக்குகின்றாள். அவள் வெற்றியின் மறைபொருள் தலையில் விளக்குத் தாங்கி நிற்கும் ஒரு பூனையும், அவ்விளக்கின் நிழலில் பகடையைப் புரட்டும் ஓர் எலியுமே. இதனை அறிந்த இளையவன் ஒரு சிறு விலங்கை மறைத்துக் கொணர்ந்து அச்சூழ்ச்சியை முறிக்கின்றான். டி. ஆர். ராமண்ணா இயக்கிய படத்திலும் பகடையாட்டம் உண்டு. தலைவன் புலியொடு பொரும் காட்சியும் உண்டு. புலிப்போர் வெளிவந்த நாளில் பெரிதும் பேசப்பட்டது. புலியைக் காட்டினும் பெரிய விலங்குகளைத் திரையில் படைத்துக் காட்டும் திறம் இன்று வந்துவிட்டமையால் அப்புதுமை தேய்ந்தது. அறிவாற்றலால் சூதை வெல்லும் காட்சி அவ்வாறு தேயவில்லை. பெருமையை மேலும் ஒரு பெருமை விழுங்கிவிடும். சிறுமையை விழுங்குவது அரிது.

பாதாள பைரவி இப்பகுப்பினின்று ஓரளவு தப்பியது. காசி மஜிலி கதைகள் என்னும் தெலுங்குக் கதைத்தொகுதியின் சாயலில் பிங்கலி நாகேந்திரராவ் இதனை எழுதினார். மன்னன் மகளைக் காதலித்த எளியவனிடம், தன் செல்வத்திற்கு ஈடான செல்வம் கொணருமாறு மன்னன் விதிக்கின்றான். அவனைப் பலியிட்டு மாயப்பாவையைப் பெறக் கருதிய மந்திரவாதி, முடிவில் அவனாலேயே பலியாக்கப்படுகின்றான். விக்கிரமாதித்தன் கதையில், மன்னனைப் பலியிட நினைத்த முனிவன், வணங்கும் முறையைக் காட்டுவாயாக என்று மன்னன் வேண்ட, குனிந்த அளவில் தலை இழந்த நிகழ்ச்சியைத் தமிழர் நன்கறிவர். அதே மரபு இங்கே தொடர்கின்றது. என். டி. ராமராவ் நடித்த தலைவனுக்கு அஞ்சி என்னும் தோழன் இருப்பினும், சூழ்ச்சியைச் சூழ்ச்சியால் வெல்லும் மதி தலைவனைவிட்டு முழுதும் நீங்கவில்லை. எஸ். வி. ரங்காராவின் மந்திரவாதியிடமோ அச்சமும் நகையும் ஒருங்கே தோன்றுகின்றன. வல்லானே நகைக்கும் உரியவனாதலின் படம் கதையின் நெறியில் நிற்கின்றது. 1952இல் இந்தியாவில் நடைபெற்ற முதல் அனைத்துலகத் திரைப்பட விழாவில் இப்படம் இடம்பெற்றது.

ஒரே நடிகர், இருவேறு நகை

எம் கருத்தை இன்னும் தெளிவாக்கும் சான்று ஒன்று உண்டு. அலிபாபா படத்தில் நடித்த தங்கவேலு, அடுத்த ஆண்டு வந்த தமிழ் மாயா பஜாரில் துரியோதனன் மகன் இலக்கணகுமாரனாக நடித்தார். முன்னதில் அவர் நகை தலைவனின் வீரத்திற்குப் பின்னிற்கும் நிழல். அந்நகையை நீக்கிவிடினும் கதை நடக்கும். பின்னதிலோ அவர் அரசிளங்குமரன். செல்வச் செருக்கின் வடிவம். அவரை நகைப்பதே கதையின் நோக்கம். நடிகரின் குரலும் முகமும் இரண்டிலும் ஒன்றே. நகையின் பயன் வேறு. நகைச்சுவை நடிகரின் திறமையை மட்டும் அளந்து படத்தை மதிப்பிடுவோர் இவ்வேறுபாட்டைக் காணத் தவறிவிடுவர்.

மாயா பஜாரின் கதை வியாசர் பாரதத்தில் இல்லை. மக்கள் புனைந்து பாரதத்தோடு இணைத்தது. பலராமன் மகள் வத்சலையை அபிமன்யுவுக்கு மணமுடிப்பதாக இளமையிலேயே பேச்சு நிகழ்ந்தது. பாண்டவர் சூதில் நாடிழந்தனர், பேச்சும் முறிந்தது. பொருள் இல்லாதாரின் உறவு உறவாகாது என்னும் உலகியற் கொடுமையே இக்கதையின் அடித்தளம். அறமுரைத்து அதனைக் கண்டிக்காமல், நகையால் தண்டித்தனர் மக்கள். கடோத்கசன் காட்டினின்று வருகின்றான்; உறங்கும் வத்சலையைக் கட்டிலோடு கொண்டுசெல்கின்றான்; தானே வத்சலையாக உருமாறி மணப்பந்தலில் அமர்கின்றான்.

இங்கு ஆக்கம் பற்றிய மருட்கை உச்சம் பெறுகின்றது. வத்சலையாகவும், வத்சலை உருக்கொண்ட கடோத்கசனாகவும் சாவித்திரி ஒருவரே நடிக்கின்றார். மெல்லிய மணமகள் நொடியில் தோளை உயர்த்தி அரக்கன்போல் நோக்குவதும், மறுநொடி நாணித் தலைகவிழ்வதும், மணமகனின் காலை மிதித்து அலறச் செய்வதும் காண்பாரைக் குலுங்கச் செய்கின்றன. ஒன்று மற்றொன்றாகத் திரிதலும், செருக்குடையோன் எள்ளப்படுதலும் ஒரே உடலில், ஒரே கணத்தில் நிகழ்கின்றன. மேலேறினார் மறைத்ததைக் கூறச் செய்யும் மாயப்பொருளின்மேல் நின்று சகுனி தன் வஞ்சத்தைத் தானே வெளியிடுவதும் இத்தகையதே. பொய் சொல்வோனை மெய் சொல்லச் செய்து நகுதல் எளியோரின் நெடுநாள் வேட்கை அன்றோ?

மாயக் காட்சிகளைப் படம்பிடித்த மார்க்கஸ் பார்ட்லியின் கைவண்ணத்தையும் ஈண்டுக் குறித்தல் வேண்டும். கடோத்கசன் விருந்துண்ணும் காட்சியில் பண்டங்கள் தாமே நகர்ந்து அவன் வாய் புகுகின்றன. இது படப்பிடிப்பு உத்தியால் ஆயது என்பதைக் காண்போர் அறிவர், அறிந்தும் மகிழ்கின்றனர். 'ஓர் ஊரிலே' என்று கதைசொல்லி தொடங்கும்பொழுது, அது புனைவு என்று சொல்வோரும் கேட்போரும் உடன்பட்டே அமர்கின்றனர். அவ்வுடன்பாடே இங்கும் நிலவுகின்றது. கை தெரியும் மாயம் காண்பாரை ஏமாற்ற முயல்வதில்லை, உடன்விளையாட அழைக்கின்றது.

ஒரு தடையும் அதன் விடையும்

'நாட்டுப்புறக் கதைகளிலும் எளியோரை எள்ளுவன உளவே. செவிடரையும் கூனரையும் நகைக்கும் கதைகளை மக்களே சொல்லிவருகின்றனரே. படத்தின்மேல் மட்டும் குறை கூறுதல் தகுமா?' என்று ஒருவர் தடை எழுப்பக் கூடும். இத்தடையை யாம் எளிதில் தள்ளவில்லை. அத்தகைய கதைகள் உள்ளன. அவற்றை மறைத்து, மக்கள் வாய்மொழி முழுதும் அறத்தின் உறைவிடம் என்று போற்றுதல் ஆராய்ச்சி ஆகாது.

ஆனால் கதை வகைகளைப் பிரித்து நோக்கின் விடை கிடைக்கும். நொடிப்பொழுதில் முடியும் சிறு நகைக்கதை வேறு. நெடுவழி சென்று மீளும் அருஞ்செயற் கதை வேறு. முன்னதற்கு எவரும் நகைப்பொருளாவர். பின்னதற்கோ எளியோன் ஒருவன் உயர்தலே உயிர். அவனையோ அவனைப் போன்றாரையோ நகைப்பொருளாக்கின் கதை தன் காலைத் தானே வெட்டிக்கொள்கின்றது. மடன் பற்றிய நகைக்குப் புகழ்பெற்ற பரமார்த்த குருவின் கதையிலும், சீடரின் அறியாமை குருவின் பீடத்தையே அசைக்கின்றது என்பதை நினைவுகூர்க. எனவே எம் முடிபு அருஞ்செயற் கதைகட்கே உரியது. எல்லாக் கதைகட்கும் அதனை விரித்துரைக்க யாம் துணியவில்லை.

இவ்வளவுகோலைக் கைக்கொள்ளின், இனிய பழம்படங்கள் என்று போற்றுவனவற்றிலும் குறைகளைக் குறையென்றே கூற வேண்டும். பருத்த உடலையும் திக்கும் நாவையும் ஏவலரின் அச்சத்தையும் காட்டி நகை தேடிய காட்சிகள் அக்காலப் படங்களிற் பல. அவை கதையினின்று வந்தவை அல்ல. மேடை வழக்கினின்றும் வணிகத் தேவையினின்றும் வந்து ஒட்டியவை. பழமை கருதி அவற்றைப் பொறுத்தல் திறனாய்வாளர் கடனன்று.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், நாட்டுப்புறக் கதைப் படங்களின் இனிமை கதைநிகழ்ச்சிகளை மாறாது காப்பதில் இல்லை என்பதும், நகையின் இருப்பிடத்தைக் காப்பதிலேயே உள்ளது என்பதும் பெறப்படும். மந்திரத் தொடரில் கூலப்பெயரை இழந்த அலிபாபா படம், காசிம் காட்சியில் கதையோடு ஒன்றிநின்றது. கதைநிகழ்ச்சியைப் பெரிதும் தழுவிய இடத்திலும், மார்ஜியானாவின் வெற்றியை வாளிடம் ஒப்படைத்தபொழுது கதையைவிட்டு விலகியது. மாயா பஜார் எளியோர் நகையை எளியோரிடமே விட்டுவைத்தது. ஆதலின் நான்கனுள்ளும் அதுவே தலைசிறந்து நிற்கின்றது.

நாட்டுப்புறக் கதைகளைப் பயிலும் முதுகலை மாணவர்கள் ஒரு கதையின் வாய்மொழி வடிவத்தையும், பெரிய எழுத்துப் பதிப்பையும், திரை வடிவத்தையும் ஒருங்கு வைத்து, ஒவ்வொன்றிலும் நகுவோர் யாவர், நகப்படுவோர் யாவர் என்று வினவிப் பார்ப்பாராக. அவ்வினாவுக்கு விடை தேடுங்கால், மாறியது கதைநிகழ்ச்சியா, கதையின் உள்ளமா என்பது தெளிவாகும். நூற்றுக்கணக்கான ஆண்டுகளாக இல்லாதார் கதை சொல்லி உடையாரை நகைத்து வந்தனர். அந்நகையைத் திரையில் கேட்கும்பொழுது, அதனை இழிந்தது என்று ஒதுக்காமல் செவிசாய்த்தல் தமிழாராய்ச்சியின் கடமைகளுள் ஒன்றாகும்.